சாட்சிப் பெட்டி

மூன்றாம் பொத்தானைத் தராசுக்காரன் கட்டைவிரலால் நூற்றுப் பதினேழாவது தடவையாக அழுத்தினான். மேசையின் மறுகோடியில் இருந்த சின்னப் பெட்டியின் திரையில் ‘3’ என்று வந்தது. நூற்றுப் பதினெட்டு. மறுபடியும் 3. நூற்றுப் பத்தொன்பது. அதற்கும் 3. “ஒரு தடவையாவது தப்பா காட்டித் தொலையேன்” என்று வாய்விட்டே திட்டினான். தான் செய்த சாமான் ஒழுங்காக வேலை செய்கிறதே என்று வயிறெரிந்த மனிதன் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் முழுக்கத் தேடினாலும் அவன் ஒருவனாகத்தான் இருந்திருப்பான்.

எதிர் நாற்காலியில் மச்சான் உட்கார்ந்திருந்தார். மனைவியின் அண்ணன். மடியில் கிதார் உறை, கையில் ஆறிப்போன டீ. வாரநாட்களில் அவர் டிரைவிங் ஸ்கூலில் மற்றவர்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பார். மற்ற நேரத்தில் ஒரு பாட்டுக் குழுவில் கிதார். இரண்டையும் இருபது வருஷத்துக்கு மேல் செய்துவிட்டார். அவருக்கு இவனைப் பெண் பார்க்க வந்த அன்றே பிடித்துப்போயிற்று. “மாப்பிள்ளை என்ன பண்றாரு?” என்று கேட்டவர்களிடம் “தராசு ரிப்பேர் பண்றாரு” என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் வீடே இவனைத் தராசுக்காரன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. மின்னணுத் தராசு விற்கும் கம்பெனியில் சர்வீஸ் ஆள் அவன். முத்திரை குத்திய எடைக்கற்களைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போய், தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு.

மேசைமேல் இருந்த அந்த மற்றொரு பெட்டிதான் எல்லா வம்புக்கும் காரணம். முழங்கை நீளம், அலுமினியம், மேலே காலால் மிதிக்க ஐந்து பொத்தான்கள். ஒரே உடம்பில் இரண்டு வேலை பார்க்கும். கிதாரின் சத்தம் அதன் வழியாகப் போகும்போது கரகரப்பும் எதிரொலியும் சேர்க்கும்; அது எஃபெக்ட் பெடல் வேலை. கூடவே, மேடையின் மறுபக்கத்தில் குழுவின் லீடர் வைத்திருக்கும், கிதார் சத்தம் கடைசியாகப் போய்ச் சேரும் பெரிய சத்தப் பெட்டிக்குக் கம்பி வழியாக உத்தரவும் அனுப்பும். மூன்றை மிதித்தால் ‘மூன்றாம் சத்தத்துக்கு மாறு’ என்று அர்த்தம். மேடைக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அந்த மொழிக்கு மிடி என்று பெயர். முதல் வேலையில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவதில்தான் மனிதனின் மண்டை காய்ந்தது.

மச்சானுக்காகத்தான் செய்ய ஆரம்பித்தான். அதுவரை அவர் ஆறு தனித்தனிப் பெடல்களைத் தரையில் வரிசையாக வைத்துக்கொண்டு, பாட்டின் நடுவில் குனிந்து குனிந்து திருகிக்கொண்டிருந்தார். போன வருஷம் ஒரு நிகழ்ச்சியில் குனிந்தவர் நிமிர்வதற்குள் அவருடைய இடம் வந்து போய்விட்டது. “ரெண்டு கை பத்தலேன்னா சொல்லுங்க, வேற ஆள் பாத்துக்குறேன்” என்று லீடர் எல்லார் முன்னாலும் சொன்னார். அதைக் கேள்விப்பட்ட தராசுக்காரனுக்கு ரத்தம் கொதித்தது. நான் செய்து தருகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். பதினொரு மாதம், நான்கு சர்க்யூட் போர்டுகள். முதல் போர்டில் துளை இடம் மாறியது. இரண்டாவதில் மிதிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று சத்தம் வந்தது. மூன்றாவதில் சால்டர் வைக்கும்போது செப்புத் தகடே பிய்ந்துகொண்டு வந்தது. நான்காவது நன்றாக வந்தது. வந்த வேகத்தில் வரைபடம், நிரல், துளை அளவு எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றினான். யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். தராசுக் கம்பெனிகள் ஒரு வரைபடமும் தராமல் பசையை ஊற்றி மூடி வைத்திருக்கும் போர்டுகளோடு பதினாறு வருஷம் மல்லுக்கட்டியவன் அவன். தன் பெட்டியையாவது யாரும் திறந்து பார்க்கட்டும் என்பது அவனுடைய வீம்பு. பக்கத்தின் முதல் வரியில் ‘முழுமையாகச் சோதிக்கப்பட்டது’ என்று எழுதினான்.

சோதிப்பதற்காகவே அந்தச் சின்னப் பெட்டியையும் கட்டியிருந்தான். அதற்கு அவன் வைத்த பெயர் சாட்சி. பெரிய பெட்டி என்ன சொன்னது என்று கேட்டு, அந்த எண்ணைத் திரையில் காட்டும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். இன்று காலையிலிருந்து அது ஒரே சாட்சியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

“நாலாவது பாட்டுல மாப்ள, மூணை மிதிச்சேன்” என்று மச்சான் மறுபடியும் ஆரம்பித்தார். “இதுல லைட்டு எரிஞ்சுது. அங்க சத்தம் மாறல. திரும்ப மிதிச்சேன், மாறல. மூணாவது தடவ மிதிச்சா நேரா அஞ்சுக்குப் போயிருச்சு. அந்தப் பொண்ணு கண்ணுல தண்ணி வர்ற மாதிரி பாடிக்கிட்டு இருக்கு, என் கிதார் லாரி மாதிரி உறுமுது. லீடர் பாத்த பார்வை இருக்கே...”

“வேற எந்தப் பாட்டுலயும் வரலையா?”

“வருது. சில நேரம் ஒழுங்கா மாறுது, சில நேரம் மாறல. அதான் சொல்றேனே.”

சில நேரம் என்ற சொல்லைக் கேட்டாலே தராசுக்காரனுக்கு எரிச்சல் மூக்கு நுனிக்கு வந்துவிடும். ஒன்று உடைந்திருக்க வேண்டும், அல்லது உடையாமல் இருக்க வேண்டும். கம்பியை மாற்றியாகிவிட்டது. பொத்தான்களை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. சால்டர் வைத்த இடமெல்லாம் பூதக்கண்ணாடியில் பார்த்தாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு ஒத்திகை ஹாலுக்கே போனான். அன்று காலையிலிருந்து மழை. ஹாலுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இவனே நின்று நாற்பது தடவை மிதித்தான், நாற்பதும் மாறியது. மச்சானும் மிதித்தார், மாறியது. லீடர் தோளில் தட்டி “பிரமாதமா பண்ணியிருக்கீங்க சார்” என்றார். உள்ளூரக் குளிர்ந்துபோய் வீட்டுக்கு வந்தான். அடுத்த புதன்கிழமை, இவன் இல்லாதபோது, பழைய கதை. அதற்கடுத்த வெள்ளியும் அதே கதை. பெட்டியும் சாட்சியும் பிசகவில்லை என்றால் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு மாதமாக அதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தான்.

“மச்சான், தப்பா நெனைக்காதீங்க.”

“சொல்லு.”

“உங்க கால்தான்.”

மச்சான் சிரித்தார். “இருபத்திரெண்டு வருஷமா பிரேக் மிதிக்கிற காலு மாப்ள இது.”

“பிரேக் பெருசு மச்சான், எங்க வெச்சாலும் அமுங்கும். இது சின்னது. லேசா மிதிச்சா ஒண்ணு, ஒரு செகண்டு அமுக்கிப் பிடிச்சா வேற ஒண்ணுன்னு வெச்சிருக்கேன். நீங்க பாட்டு மும்முரத்துல எங்க வெக்கிறீங்க, எவ்வளவு நேரம் அமுக்குறீங்கன்னு உங்களுக்கே தெரியல. மிதிச்சுட்டதா நெனைக்கிறீங்க. கால் சரியா படல. என் கையில நூத்திப் பத்தொம்போது தடவை சரியா வருது பாருங்க.”

சிரிப்பு மெல்ல வடிந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் இவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. குனிந்து, தன் வலது பாதத்தைப் பார்த்தார். விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டினார். “அப்படியும் இருக்கலாம்” என்றார். டீயை வைத்துவிட்டு, பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அண்ணனோடு வாசல்வரை போன மனைவி திரும்பி வந்து, டம்ளரை எடுத்துக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்தபோது, கதவுக் கைப்பிடியில் துணிப்பை தொங்கியது. உள்ளே பெட்டி. கம்பியை அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார் மச்சான். ஏதாவது சீட்டு இருக்கிறதா என்று பையைக் கவிழ்த்துப் பார்த்தான். இல்லை.

“அண்ணன் குழுவ விட்டு நின்னுருச்சு” என்றாள் மனைவி. காய் நறுக்கிய கத்தியைக் கீழே வைக்காமலே பேசினாள். “இருபதாந்தேதி நிகழ்ச்சிக்கு வேற ஆள் வாசிக்கிறாராம். லீடர் ஒண்ணும் சொல்லலையாம். அண்ணனே போய், பெட்டி மேல தப்பில்ல, என் கால்தான் சரியில்ல, இனிமே என்ன நம்பாதீங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கு.”

தராசுக்காரனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “நான் நிக்கவா சொன்னேன்? கொஞ்சம் பழகுங்கன்னுதானே சொன்னேன்.”

“அது மட்டுமில்ல. திங்கக்கிழமைலேர்ந்து கார்ல ஏறல. வகுப்புல உக்காந்து போர்டுல சிக்னல் படம் வரைஞ்சு காட்டிக்கிட்டு இருக்காம். அண்ணி அழுவுறாங்க.”

“பெடல்ல கால் சரியா படலைன்னு சொன்னேன். அதுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?”

கத்தியை வைத்துவிட்டாள். “எங்கப்பாவ நீங்க பாத்ததில்ல. கால்ல போட்டிருந்த செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம ரெண்டு தெரு நடந்து வந்தாரு. வாசல்ல நின்ன நான்தான் பாத்தேன். உள்ளங்காலெல்லாம் ரத்தம். அவருக்கு வலிக்கவே இல்ல. சர்க்கரை. அண்ணனுக்கும் அஞ்சு வருஷமா சர்க்கரை இருக்கு. அது எத நெனைச்சு பயந்துக்கிட்டு இருக்குன்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியல. நேரா அதுலயே கைய வெச்சீங்க.”

“நான் பெடலப் பத்தித்தான்...”

“இல்ல. காலப் பத்தி சொன்னீங்க.”

அவனுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தத்துக்கு அடியில், தனக்கே சொல்லிக்கொள்ள வெட்கப்படும்படியாக, ஒரு நிம்மதியும் இருந்தது. மச்சானே ஒத்துக்கொண்டுவிட்டார். பெட்டியில் தப்பில்லை. அந்த நிம்மதியோடுதான் இரண்டு நாள் உட்கார்ந்து, மச்சானுக்கென்றே உள்ளங்கை அகலத்தில் ஒரு புதிய பொத்தான் வரைந்தான். எங்கே வைத்தாலும் அமுங்கும். வலி தெரியாத கால்கூட அதைத் தவறவிடாது. அதை வரைந்து முடித்தபோது தன்னைப்போல நல்லவன் உண்டா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. இணையப் பக்கத்தில் ஒரு வரியும் சேர்த்தான்: ‘பயன்படுத்துபவர் பொத்தானின் நடுவில் மிதிக்க வேண்டும்.’

திங்கட்கிழமை ஒரு மொத்த வியாபாரக் காய்கறிக் கடையில் வேலை. தராசு கிலோவுக்கு இருபத்தைந்து கிராம் கூடுதலாகக் காட்டியது. கடைக்காரர் ஒத்துக்கொள்ளவே இல்லை. “சார், தினம் காலையில செக் பண்ணித்தான் சார் கடை தொறக்குறேன்” என்று மேசைக்கு அடியிலிருந்து ஒரு துணிமூட்டையை எடுத்துவந்தார். உள்ளே ஆற்று மணல். அதைத் தராசில் வைத்தார். சரியாக ஐந்து கிலோ காட்டியது. “பாத்தீங்களா?”

“இந்த மூட்டைய எதுல நிறுத்துக் கட்டுனீங்க?”

“இதே தராசுலதான். வேற தராசு ஏது நம்மகிட்ட?”

தராசுக்காரன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “அண்ணாச்சி, தராசு சொன்னத வெச்சு மூட்டையக் கட்டிட்டு, அந்த மூட்டைய வெச்சு தராசு சரின்னு சொல்றீங்க. ரெண்டும் கூட்டுக் களவாணி. வெளியாள் ஒருத்தர் வேணும்ல?” என்று தன் எடைக்கல்லின் முத்திரையைத் தொட்டுக் காட்டினான். சுற்றி நின்ற இரண்டு சுமைதூக்கிகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பதினாறு வருஷத்தில் நூறு கடையில் சொன்ன பேச்சு. ஒவ்வொரு தடவையும் நன்றாக எடுபடும்.

மதியம் சாப்பாட்டை முடித்துவிட்டு அதே கடையின் படியில் உட்கார்ந்து ஃபோனைத் திறந்தான். ‘ஈரக்குடை’ என்ற பெயரில் எழுதும் ஒருவரிடமிருந்து செய்தி வந்திருந்தது. யார், எங்கே இருப்பவர் என்று எதுவும் தெரியாது. இவனுடைய படங்களை எடுத்துப் பெட்டியைச் செய்து பார்த்தவர்களில் ஒருவர். இரண்டு வரி பாராட்டு, பிறகு விஷயம். பெட்டி கிதார் சத்தத்தை அருமையாகக் கையாளுகிறது. ஆனால் மிடி உத்தரவுகளைக் கொஞ்சம் வேகமாகப் பேசுகிறது. இருக்க வேண்டியதைவிட நூற்றுக்கு நான்கு பங்கு வேகம், சூடானால் ஐந்து. என்னிடம் மூன்று கருவிகள் இருக்கின்றன. ஒன்று புரிந்துகொள்கிறது, ஒன்று சில நேரம் தவறவிடுகிறது, ஒன்று வேறு எண்ணாக எடுத்துக்கொள்கிறது. அளந்து பார்த்த படத்தை இணைத்திருக்கிறேன். நீங்கள் எதை வைத்துச் சோதித்தீர்கள்?

கடைசி வரியை அவன் இரண்டாம் தடவை படிக்கவில்லை. படிக்கத் தேவையிருக்கவில்லை. சிப்புக்கு நேரம் தவறாமல் தாளம் போட்டுக் கொடுக்க வெளியே ஒரு கிரிஸ்டல் வைப்பார்கள். செய்கிறவர்களுக்கு ஒரு பாகம் மிச்சமாகட்டும் என்று அவன் அதை விட்டுவிட்டான். சிப்புக்குள்ளேயே சுமாரான தாளம் ஒன்று உண்டு, ஓர் எண்ணைக் கொடுத்து அதைத் திருத்திக்கொள்ளலாம். அந்த எண்ணை அவன் எப்படிக் கண்டுபிடித்தான்? பெரிய பெட்டி சொல்வது சாட்சிக்குப் புரியும்வரை மாற்றிக்கொண்டே போனான். சாட்சிக்குள்ளும் அதே சிப். அதற்கு எந்த எண்? அளந்து பார்க்காமல் குத்துமதிப்பாகப் போட்ட ஓர் எண்; கடைசியில் பெரிய பெட்டியிலும் அதே எண்தான் வந்து நின்றது. இரண்டும் ஒரே அவசரத்தில் பேசி, ஒரே அவசரத்தில் கேட்டு, நூற்றுப் பத்தொன்பது தடவை ஒன்றுக்கொன்று ஆமாம் போட்டன. மழை நாளில் ஹால் குளிர்ந்திருந்தது. லீடரின் பெட்டி எப்படியோ பிடித்துக்கொண்டது. விளக்கெல்லாம் எரிந்து சூடேறிய நாட்களில் பிடிக்கவில்லை. கடைக்குள்ளிருந்து அண்ணாச்சி யாரிடமோ மூட்டைக் கதையைச் சொல்லித் தன்னைத்தானே கேலி செய்துகொண்டிருந்தார். தராசுக்காரன் எழுந்து, எடைக்கல் பெட்டியை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் தெருவில் இறங்கினான். முகமெல்லாம் எரிந்தது.

கம்பெனியில் அளக்கும் கருவி இருந்தது. பத்து நிமிஷ வேலை. ஓர் எண்ணை மாற்ற வேண்டியிருந்தது, அடுத்த போர்டில் கிரிஸ்டலுக்கு இடம் விட வேண்டியிருந்தது, அவ்வளவே. அன்று சாயங்காலமே இணையப் பக்கத்தின் முதல் வரியை அழித்துவிட்டு எழுதினான்: ‘மிடி வேகத்தில் பிழை. தவறு முழுக்க என்னுடையது. ஒரே தவறைக் கொண்ட கருவியை வைத்தே சோதித்துவிட்டேன். மன்னிக்கவும்.’ நடுவில் மிதிக்கச் சொன்ன வரியையும் எடுத்தான். முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் வந்து, இவ்வளவு வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறவர்கள் குறைவு என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பாராட்டு ஒவ்வொன்றும் அவனைக் குத்தியது. ஊர் பேர் தெரியாதவர்களிடம் எழுத ஐந்து நிமிஷம் ஆனது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் மச்சானிடம் சொல்ல மூன்று நாளாகியும் கால் எழவில்லை. முதல் நாள் மழை என்றான். மறுநாள் அவருக்கு வகுப்பு இருக்கும் என்றான். மூன்றாம் நாள் ஃபோனை எடுத்து எண்ணை அழுத்தியவனின் கையிலிருந்து மனைவி ஃபோனை வாங்கிக் கீழே வைத்தாள்.

“நேர்ல சொன்னத நேர்ல போய்த்தான் எடுக்கணும்” என்றாள்.

டிரைவிங் ஸ்கூலின் பயிற்சித் திடல் ஊருக்கு வெளியே, பழைய லாரி நிறுத்துமிடம். தரையில் சுண்ணாம்பால் எட்டு போட்டிருந்தது. மதிய வெயிலில் யாரும் இல்லை. ஒரு மரத்தடியில் பயிற்சிக் கார் நின்றது. கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்தில் மச்சான் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்துக்கும் தனியாகப் பிரேக்கும் கிளட்சும் உண்டு. எஞ்சின் ஓடவில்லை. அவர் பிரேக்கை மிதித்தார், விட்டார், மிதித்தார். இவனைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

“வா மாப்ள. ஏறு. பயப்படாத, ஓட்டல.”

தராசுக்காரன் ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். வேகம், சாட்சி, மணல் மூட்டை, ஈரக்குடை, மழை நாள். “நீங்க ஒவ்வொரு தடவையும் சரியாத்தான் மிதிச்சிருக்கீங்க மச்சான். பெட்டிதான் தப்பு. நான்தான் தப்பு. எனக்குத் தெரிஞ்சதே ஒரு வேலை, அதுலயே கோட்ட விட்டுட்டு உங்க மேல பழியப் போட்டேன். லீடர்கிட்ட நானே போய்ச் சொல்றேன். இருபதாந்தேதிக்கு இன்னும் ஒம்போது நாள் இருக்கு.”

மச்சான் முதலில் சத்தமாகச் சிரித்தார். “அடப்பாவி! மணல் மூட்டைக்காரனுக்கு வகுப்பு எடுத்துட்டு வந்தியா?” என்று இவன் தொடையில் ஓங்கி அடித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டார். பிறகு வெளியே சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார்.

“நீ சொன்னதுக்கு மறுநாள் டாக்டர்கிட்ட போனேன்” என்றார்.

தராசுக்காரன் திரும்பினான்.

“தங்கச்சிகிட்ட சொல்லிராத. கண்ண மூடச் சொல்லிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நூலால உள்ளங்காலத் தொட்டாரு. தொடும்போதெல்லாம் சொல்லுங்கன்னாரு. பத்து இடமாம். நான் ஏழுதான் சொன்னேன்.”

“மச்சான்...”

“நீ சொல்லலேன்னா போயிருக்க மாட்டேன்.” அதை அவர் நன்றியாகவும் சொல்லவில்லை, குற்றமாகவும் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். “இப்ப வந்து பெட்டிதான் தப்புங்கிற. சந்தோஷம்தான். ஆனா எனக்கு ஒண்ணும் புரியல மாப்ள.”

தராசுக்காரனுக்கு எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும் போலிருந்தது. தன் வாய்க்கு வந்த அபாண்டம் எங்கேயோ போய் உண்மையில் இடித்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு மன்னிப்புக் கேட்பதா, சும்மா இருப்பதா? வெயில் கண்ணாடியில் பட்டுக் கண் கூசியது.

மச்சான் குனிந்து வலது ஷூவைக் கழற்றினார். காலுறையையும் உருவினார். இருக்கையில் பக்கவாட்டில் திரும்பி, பாதத்தைத் தூக்கி இவன் மடியில் வைத்தார். வயதில் மூத்தவரின் கால் மடியில் வந்து விழுந்ததும் தராசுக்காரன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டான். வெதுவெதுப்பாக, எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. குதிகாலில் பழைய வெடிப்புகள்.

“டாக்டர் அவசரத்துல பாத்தாரு. வெளிய இருபது பேர் நின்னாங்க. நீ நிதானமா பாரு. எத்தன தடவன்னாலும் பாப்பியே.”

சட்டைப் பையில் துழாவினான். வேலையில் வெட்டிப்போட்ட மெல்லிய கம்பித் துண்டு ஒன்று கிடைத்தது. நுனி குத்தாமல் இருக்க மடக்கிக்கொண்டான். மச்சான் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடினார்.

கட்டைவிரலின் அடியில் வைத்தான். “ம்” என்றார். குதிகாலில் வைத்தான். “ம்.” பாதத்தின் வளைவில் வைத்தபோது “கூசுது” என்று சிரித்தார். தராசுக்காரனுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. கம்பியைச் சுண்டுவிரலின் கீழே, அந்தத் தடித்த இடத்தில் வைத்தான். ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் அழுத்தினான். கம்பி வில்லாக வளைந்தது. தோலில் ஒரு குழி விழுந்தது.

மச்சான் கண்ணைத் திறக்காமல், முகத்தைச் சற்று நிமிர்த்தி, எல்லாக் கவனத்தையும் காலில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

“வை மாப்ள” என்றார். “ஏன் நிறுத்திட்ட?”